ஸ்னாப்ஷாட் இருக்கிறது, கணக்குக்கு நகல் எங்கே?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். யாரிடம் எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், எத்தனை ஜோடியாகத் திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற கணக்கையெல்லாம் நான்தான் கணினியில் ஏற்றுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் பெங்களூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் அதில் ஓப்பன்சூசே டம்பிள்வீட் என்ற லினக்ஸை நிறுவிக் கொடுத்தான். பில் போடும் மென்பொருள் மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் ஓடுகிறது. மற்ற கணக்குகள் லிப்ரே ஆபீஸில் இருக்கின்றன. போன வாரம் பில் போடும்போது இடம் இல்லை என்று நின்றுவிட்டது. ஆனால் என் கோப்புகள் இருக்கும் பகுதியில் 180 ஜிபி காலியாக இருப்பதாகக் காட்டுகிறது. தேவையில்லாத மென்பொருள்களை நீக்கிப் பார்த்தேன், கொஞ்சம்கூட இடம் கூடவில்லை. அண்ணன் மகனிடம் கேட்டேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தானாக எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது அந்தந்த நேரத்து லினக்ஸ் நிலையின் பதிவுகள், சேர்ந்திருக்கும் என்றான். பட்டியல் எடுத்துப் பார்த்தால் 60க்கும் மேல் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இனி எடுக்காதபடி நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் கணக்குக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பும் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. (செவ்வாய்ப்பேட்டை வாசகி)

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணக்குக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு ஸ்னாப்ஷாட்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணினியில் ஸ்னாப்ஷாட் கணக்கைக் காப்பதில்லை. இன்றுவரை ஒரு நாள்கூடக் காத்ததில்லை. ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பென் டிரைவையோ வெளி ஹார்ட் டிஸ்க்கையோ செருகி, லிப்ரே ஆபீஸ் கோப்புகள் அத்தனையையும் அதில் நகலெடுங்கள். பில் மென்பொருளில் பேக்கப் எடுக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, அந்தக் கோப்பையும் அதே டிரைவில் சேமியுங்கள். பொத்தான் இல்லையென்றால் 'மரியாடிபி டம்ப்' என்ற கட்டளையால் தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பாக எழுதி எடுக்கலாம். மென்பொருளைச் செய்து கொடுத்தவரே இதைத் தொலைபேசியில் சொல்லித் தந்துவிடுவார். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே இழுத்து நகலெடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் இருக்கும் கோப்புகள் அந்த நகலில் வந்துவிடும், பிறகு திறக்காது. இந்த வேலை முடிந்த பிறகுதான் எந்த ஸ்னாப்ஷாட்டிலும் கை வைக்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகக் கணினிக்கு நான்தான் இதே ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன். மழைக்காலத்தில் அங்கே மின்சாரம் போய்ப் போய் வரும். அப்டேட் பாதியில் நின்று இயந்திரம் எழும்பாமல் போனால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போக வேண்டும். ஸ்னாப்ஷாட் இருந்தால் அங்கிருக்கும் கிளார்க்கே பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்வார் என்பதுதான் என் எண்ணம். அது நன்றாகவே வேலை செய்தது, இரண்டு முறை அவரே திருப்பிக்கொண்டார். அதனால் எனக்கும் அவருக்கும் ஒரு தைரியம் வந்துவிட்டது. "தானாக எடுக்கிறதே சார், தனியாக நகல் வேண்டுமா?" என்று அவர் கேட்டபோது, அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மலையிறங்கினேன். பழம் பறிக்கும் பருவத்தின் நடுவில் அந்த டிஸ்க் செத்தது. ஸ்னாப்ஷாட்டுகளும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன, அதோடு அவையும் போயின. ஒவ்வொரு ஆளும் நாளுக்கு எத்தனை கிலோ பழம் பறித்தார் என்ற கணக்கு, வாரக் கூலி, முன்பணம் எல்லாம் போயிற்று. கிளார்க் பழைய பழக்கத்தை விடாமல் பென்சிலில் எழுதி வைத்திருந்த எடை நோட்டு இருந்ததால்தான் கூலி கொடுக்க முடிந்தது. அந்த நோட்டிலிருந்து திரும்ப ஏற்றுவதற்கு நானும் அவரோடு நான்கு நாள் உட்கார்ந்தேன். தன் கூலி என்ன ஆயிற்று என்று கேட்டு அலுவலக வாசலில் நின்ற பெண்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, இப்போது உங்கள் கணினியில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் டிஸ்க் இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் பகுதி 40 ஜிபி, அதில் லினக்ஸ் இருக்கிறது. அது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைந்தது. மீதியெல்லாம் 'ஹோம்', அங்கேதான் உங்கள் லிப்ரே ஆபீஸ் கோப்புகள் இருக்கின்றன. நீங்கள் பார்த்த 180 ஜிபி காலியிடம் ஹோமில் இருப்பது. ஆனால் மரியாடிபி தன் தரவை ஹோமில் வைப்பதில்லை. 'வார்' என்ற இடத்தில் வைக்கிறது, அது அந்த 40 ஜிபிக்குள் இருக்கிறது. அந்த 40 ஜிபி நிரம்பியதால் லிப்ரே ஆபீஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, பில் மட்டும் நின்றுவிட்டது.

அந்த 40 ஜிபியை ஸ்னாப்ஷாட் எப்படி நிரப்பியது என்பதற்குப் பேரேட்டையே உதாரணமாகச் சொல்கிறேன். எழுதிய வரியை ஒருபோதும் அழிக்காத ஒரு கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகை மாறினால் பழைய வரியைத் தொடாமல், காலியாக இருக்கும் வேறொரு பக்கத்தில் புதிய வரியை எழுதுவார். பிறகு முன்னால் இருக்கும் பொருளடக்கத்தில் பக்க எண்ணை மட்டும் மாற்றுவார். பிடிஆர்எஃப்எஸ் எழுதும் முறை இதுதான். ஸ்னாப்ஷாட் என்பது அந்தப் பொருளடக்கத்தை அப்படியே பிரதி எடுத்து வைப்பது. பொருளடக்கம் சின்னது. அதனால் ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும், அப்போது இடமும் அநேகமாகச் செலவாகாது. செலவு பிறகு வருகிறது. பழைய பொருளடக்கம் ஒரு பக்கத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பக்கத்தைக் காலி என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் மென்பொருளை நீக்கியபோது இன்றைய பொருளடக்கத்திலிருந்துதான் அது போயிற்று. பழைய ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் இடம் கூடவில்லை. நீக்குவதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் புதிதாகச் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு முறையும் இரண்டு ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஸ்னாப்பர் என்ற கருவி அப்டேட் தொடங்கும் முன் ஒன்றும், முடிந்த பின் ஒன்றும் எடுக்கிறது. இது 2011 நவம்பரில் வந்த ஓப்பன்சூசே 12.1 காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு. சிப்பர் என்ற அப்டேட் கட்டளையால் செய்தாலும் சரி, திரையின் மூலையில் வரும் அறிவிப்பை அழுத்திச் செய்தாலும் சரி, இந்த ஜோடி எடுக்கப்படும். ஜோடியாக இருப்பதால் ஒரு நன்மை உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு, அந்த அப்டேட் எந்தெந்தக் கோப்பை மாற்றியது என்று பார்க்கலாம். பில் அடிக்கும் பிரின்டர் அப்டேட்டுக்குப் பிறகு வேலை செய்யாமல் போனால், அதன் அமைப்புக் கோப்பு ஒன்றை மட்டும் பழையபடி ஆக்க 'ஸ்னாப்பர் அன்டூ சேஞ்ச்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. முழு இயந்திரத்தையும் திருப்ப வேண்டியதில்லை.

இந்த ஜோடிகள் மட்டும் இருந்திருந்தால் உங்கள் டிஸ்க் இவ்வளவு நிரம்பியிருக்காது. ஓப்பன்சூசே நிறுவும்போதே இதற்கு எல்லை வைத்துவிடுகிறது. சாதாரண அப்டேட் ஸ்னாப்ஷாட்டுகளில் 2 முதல் 10 வரை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் போன்ற முக்கியமானவை மாறும்போது எடுப்பவற்றில் 4 முதல் 10 வரை வைத்துக்கொள்ளும். ஸ்னாப்ஷாட்டுகள் டிஸ்க்கில் பாதிக்கு மேல் பிடித்தாலோ, காலியிடம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனாலோ கீழ் எல்லையை நோக்கிக் குறைத்துக்கொண்டே வரும். நல்ல ஏற்பாடு. உங்கள் பட்டியலில் இந்த வகை ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பட்டியலில் 'டைம்லைன்' என்று குறித்தவை 32 இருக்கின்றன. இவை அப்டேட்டுக்காக எடுத்தவை அல்ல, கடிகாரத்தைப் பார்த்து எடுத்தவை. ஓப்பன்சூசே நிறுவும்போது இது நிறுத்தி வைக்கப்பட்டே வருகிறது. உங்கள் அண்ணன் மகன் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து இயக்கியிருக்கிறார். இயக்கினால் மணிக்கொன்று எடுக்கும். அவற்றில் மணிக்கணக்கில் 10, நாள் கணக்கில் 10, மாதக் கணக்கில் 10, வருடக் கணக்கில் 10 என்று மிச்சம் வைக்கும். இந்த எண்கள் 2 முதல் 10 வரை என்பதுபோல் கீழ் எல்லை மேல் எல்லையோடு இல்லை, வெறும் 10 என்று நிற்கின்றன. ஆகவே டிஸ்க் நிரம்பினாலும் ஸ்னாப்பர் இவற்றைக் குறைக்காது. சொன்ன எண்ணிக்கையைக் காப்பதே தன் வேலை என்று வைத்துக்கொண்டிருக்கும்.

டம்பிள்வீட்டில் இது இன்னும் கனமாக விழுகிறது. அது பதிப்பு எண் என்று ஒன்று இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் லினக்ஸ். ஒரு அப்டேட்டில் நூற்றுக்கணக்கான மென்பொருள் பொதிகள் மாறுவது சாதாரணம். ஆறு மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றைய இயந்திரத்துக்கும் பொதுவான பக்கங்கள் மிகக் குறைவாகவே இருக்கும். அதாவது அந்த ஒரு ஸ்னாப்ஷாட் ஏறக்குறைய ஒரு முழுப் பழைய லினக்ஸைத் தன் மடியில் கட்டி வைத்திருக்கிறது. அப்படி மாதத்துக்கு ஒன்றாகப் பத்து. இடம் எங்கே போயிற்று என்பதற்குப் பெரும்பகுதி விடை இங்கே இருக்கிறது.

மீதி விடை பட்டியலின் 'கிளீனப்' பத்தியில் இருக்கிறது. நான்கு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு அந்தப் பத்தி வெறுமையாக இருக்கிறது. 'பில் மென்பொருள் போடும் முன்' என்று விவரத்தில் எழுதியிருப்பதும் அவற்றில் ஒன்று. இவை கையால் எடுத்தவை. கையால் எடுக்கும்போது எந்த முறையில் துப்புரவு செய்ய வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஸ்னாப்பர் அதைத் தானாக எப்போதும் அழிக்காது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒன்று இன்றுவரை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அண்ணன் மகன்மேல் வருத்தப்படாதீர்கள். தானாகத் திருப்பிக்கொள்ளும் இயந்திரத்தை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார், அது பெரிய உதவி. ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்றாமல் விட்டிருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். அமைப்புகளின் பெயர்களுக்கு மட்டும் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு.

கட்டளை தட்டும் திரையான டெர்மினலைத் திறந்து முதலில் 'சூடோ பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு போடுங்கள். காலியிடத்தைக் காட்டும் வழக்கமான 'டிஎஃப்' கட்டளை பிடிஆர்எஃப்எஸ்ஸில் முழு உண்மையையும் காட்டாது. வரும் விவரத்தில் 'அன்அலக்கேட்டட்' (இன்னும் ஒதுக்கப்படாத இடம்) என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'சூடோ ஸ்னாப்பர் லிஸ்ட்'. பட்டியலில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ, கூட்டல் குறியோ, கழித்தல் குறியோ இருக்கும். இப்போது நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதும், அடுத்த முறை எழும்பப்போவதும் அதுதான். அதைத் தொடாதீர்கள். நீங்கள் தெரியாமல் சொன்னாலும் ஸ்னாப்பர் அதை அழிக்க மறுக்கும் என்பதால் பயமும் வேண்டாம்.

அழிப்பதைப் பழையதிலிருந்து தொடங்குங்கள். முதலில் அந்த நான்கு கைவேலை ஸ்னாப்ஷாட்டுகள், பிறகு மாதக் கணக்கு டைம்லைன்கள். 'சூடோ ஸ்னாப்பர் டெலீட்' என்று தட்டி எண்ணைக் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியான எண்கள் என்றால் முதல் எண், ஒரு சிறு கோடு, கடைசி எண் என்று கொடுக்கலாம். நடுவில் நட்சத்திரக்காரர் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை அழித்தவுடன் இடம் வரவில்லையே என்று பதறாதீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு பக்கத்தைப் பல ஸ்னாப்ஷாட்டுகள் சேர்ந்து பிடித்திருந்தால் கடைசி ஆளும் விட்டால்தான் அது காலியாகும். இன்னொன்று, அழிக்கும் வேலை பின்னணியில் மெதுவாக நடக்கிறது. டெலீட் முடிந்துவிட்டதாகச் சொன்ன பிறகும் சில நிமிடங்கள் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

ஃபைல் மேனேஜரில் ஸ்னாப்ஷாட் ஃபோல்டரைத் திறந்து டெலீட் பொத்தானை அழுத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்னாப்பருக்குத் தெரியாமல் அதன் பொருளைத் தொட்டால் அதன் பட்டியல் ஒன்றும் டிஸ்க் ஒன்றுமாகிவிடும்.

அழிக்கும்போதே இடம் இல்லை என்று பிழை வந்தால்? பிடிஆர்எஃப்எஸ்ஸில் இது நடக்கக்கூடியதுதான். அழிப்பதும் ஒரு எழுத்துவேலைதானே, அதற்கும் ஒரு பக்கம் வேண்டும். அப்படி வந்தால் நிறுத்திவிடுங்கள். அநேகமாக வெறுமையான துண்டுகளைத் திரும்பப் பெறும் 'பேலன்ஸ்' என்ற வேலையைச் சிறிய அளவில் செய்தால் சரியாகும். ஆனால் அளவு சொல்லாமல் முழு பேலன்ஸ் கொடுத்தால் நிரம்பிய டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடி நிலைமையை இன்னும் மோசமாக்கும். இதை மட்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

இடம் திரும்பிய பிறகு எல்லையைச் சரிசெய்ய வேண்டும். 'சூடோ ஸ்னாப்பர் செட் கான்ஃபிக்' என்ற கட்டளையோடு 'டைம்லைன் கிரியேட்' என்பதற்கு 'நோ' என்று கொடுங்கள். இரண்டு சொற்களை இணைக்கும் இடத்தில் 'செட்' என்பதற்கும் 'கான்ஃபிக்' என்பதற்கும் நடுவில் சிறு கோடு வரும். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் அதோடு நிற்கும். ஏற்கெனவே எடுத்த டைம்லைன்கள் தாமாகப் போகாது, அவற்றைக் கையால் அழித்துவிடுங்கள். 'நம்பர் லிமிட்' என்பதை 2 முதல் 6 என்றும், 'நம்பர் லிமிட் இம்பார்ட்டன்ட்' என்பதை 2 முதல் 4 என்றும் குறையுங்கள். 40 ஜிபி டிஸ்க்குக்கும், தரவுத்தளமும் அதிலேயே இருப்பதற்கும் இது போதும். 100 ஜிபி இருந்தால் நான் குறைக்கச் சொல்லமாட்டேன்.

ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்கு வைக்கும் 'கோட்டா' இயங்குகிறதா என்றும் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்திருக்கும் இடத்தைப் பார்த்துக் குறைக்கும் வேலை கோட்டா இயங்கினால்தான் நடக்கும். 'சூடோ ஸ்னாப்பர் லிஸ்ட்' வெளியீட்டில் 'யூஸ்டு ஸ்பேஸ்' என்ற பத்தியில் எண்கள் தெரிந்தால் இயங்குகிறது என்று பொருள். துப்புரவு வேலை, கணினி எழும்பிப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும், விடாமல் ஓடினால் நாளுக்கொருமுறையும் நடக்கும். நீங்கள் காலையில் இயக்கி மாலையில் நிறுத்துகிறவர் என்பதால் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு என் பதில்: டைம்லைனை நிறுத்துங்கள், அப்டேட் ஸ்னாப்ஷாட்டை நிறுத்தாதீர்கள். டம்பிள்வீட்டில் அது இல்லாமல் அப்டேட் செய்வதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். ஒரு நாள் அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாக நிற்கலாம். அன்று கணினியை மறுபடி இயக்கி, முதலில் வரும் பட்டியலில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்கு என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட்டுக்கு முந்தைய தேதியுள்ளதை எடுங்கள். அது எழுத முடியாத நிலையில் எழும்பும். பிரின்டர், பில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து, 'சூடோ ஸ்னாப்பர் ரோல்பேக்' என்று தட்டி மறுபடி இயக்கினால் முந்தைய நாள் இயந்திரம் திரும்பிவிடும். பெங்களூருக்குத் தொலைபேசி செய்யாமல் பத்து நிமிடத்தில் நீங்களே முடித்துவிடலாம். இந்த வசதியைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை அந்தப் பட்டியல்வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ரோல்பேக் மட்டும் செய்ய வேண்டாம். வழி தெரிந்திருந்தால் அவசரத்தில் கை நடுங்காது.

ரோல்பேக் செய்தால் இன்று காலையில் போட்ட பில் என்ன ஆகும் என்று உங்களுக்குக் கேள்வி வந்திருக்கும். ஒன்றும் ஆகாது. ஹோம், வார் இரண்டையும் ஸ்னாப்ஷாட்டுக்கு வெளியே வைத்துத்தான் ஓப்பன்சூசே நிறுவுகிறது. லினக்ஸ் நேற்றைக்குப் போனாலும் உங்கள் கணக்கு இன்றைக்கே இருக்கும். அப்படி இல்லாவிட்டால் ஒரு பிரின்டரைச் சரிசெய்யப் போய் ஒரு வாரப் பற்று வரவை இழந்துவிடுவோம். ஆனால் இதே காரணத்தால்தான், நீங்கள் தவறுதலாக அழித்த ஒரு கணக்குக் கோப்பை எந்த ஸ்னாப்ஷாட்டிலும் தேடி எடுக்க முடியாது. அது அங்கே இருந்ததே இல்லை. முதல் பத்தியில் நான் சொன்னதன் காரணம் இது.

இதில் ஒரு கண்ணி உண்டு. அப்டேட்டில் மரியாடிபியின் பெரிய பதிப்பு மாறினால், அது தன் தரவையும் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். பிறகு ரோல்பேக் செய்தால் மென்பொருள் பழையது, தரவு புதியது. பழைய மரியாடிபி அந்தத் தரவோடு ஒத்துழைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே அப்டேட் பட்டியலில் மரியாடிபி என்ற பெயர் தெரிந்தால், சரி என்று அழுத்தும் முன் ஒரு டம்ப் எடுத்து வெளி டிரைவில் வைத்துவிடுங்கள். பட்டியல் நீளமாக இருக்கும், அந்த ஒரு பெயரை மட்டும் தேடினால் போதும்.

அப்டேட்டை எப்போது செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டம்பிள்வீட் என்பதற்காகத் தினமும் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். அதிகமாகச் செய்தால் ஸ்னாப்ஷாட் ஜோடிகள் வேகமாக உருண்டு, நல்ல நிலையில் இருந்த பழையது பட்டியலைவிட்டு வெளியே போய்விடும். மூலையில் வரும் அறிவிப்பைவிட, டெர்மினலில் 'சூடோ சிப்பர் டூப்' என்று நீங்களே செய்வது நல்லது. என்ன மாறுகிறது என்று கண்ணால் பார்த்துச் செய்வீர்கள். முகூர்த்த மாதங்களில் கொலுசு அனுப்பும் நெருக்கடி நாளில் வேண்டாம். பட்டறை விடுமுறைக்கு முந்தைய மாலையில் செய்தால், ஏதாவது ஆனாலும் ஒரு நாள் கையில் இருக்கும். இடி மின்னல் நேரத்தில் வேண்டாம். யூபிஎஸ் இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள்.

லினக்ஸ் மிண்ட் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு இரண்டு வரி. உங்களிடம் இருப்பது டைம்ஷிஃப்ட் என்ற ஸ்னாப்ஷாட் கருவி. அது நாள், வாரம் என்று நீங்கள் வைக்கும் அட்டவணைப்படி எடுக்கும், அப்டேட்டைப் பார்த்துத் தானாக எடுப்பதில்லை. பெரிய அப்டேட்டுக்கு முன் நீங்களே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை நகலெடுத்து வைக்கும் ஆர்சிங்க் முறையில் வைத்திருந்தால் ஸ்னாப்ஷாட்டை வேறு டிஸ்க்கில் சேமிக்கலாம், அது நல்லது. அதிலும் ஹோம் இயல்பாகச் சேர்வதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

சகோதரி, நகலுக்கு இரண்டு வெளி டிரைவுகள் வாங்குங்கள். சனிக்கிழமை மாலை கூலி கொடுத்து முடித்ததும் ஒன்றில் நகல், அடுத்த சனிக்கிழமை மற்றொன்றில். நகல் எடுத்ததும் டிரைவைக் கழற்றிவிட வேண்டும், கணினியிலேயே மாட்டி வைக்கக் கூடாது. ஒன்று பட்டறையில் இருக்கட்டும். மற்றொன்று அம்மாப்பேட்டையிலோ சூரமங்கலத்திலோ இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் அந்த நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து, கடைசி வார வெள்ளி எடை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அழித்து முடித்த பிறகும் 40 ஜிபியில் 10 ஜிபிகூடக் காலியாகவில்லை என்றால், 'ஸ்னாப்பர் லிஸ்ட்' வெளியீட்டையும் அந்த 'யூசேஜ்' வெளியீட்டையும் படம் பிடித்து எனக்கு மறுபடி அனுப்புங்கள். பெரிய பதிவுக் கோப்புகள் வாரில் சேர்ந்திருக்கலாம், அதை அடுத்து பார்ப்போம். அனுப்பும் படத்தில் வாடிக்கையாளர் பெயர் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.